தம்ளரில் இருந்த பெயர்

தனக்கோடி பிள்ளைகளை எண்ணுவதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளைக் கூட்டிவருவதையே உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தவள், ஒரு நாளாவது விரலை மடக்கியது கிடையாது. முன்னால் நிற்கும் பிள்ளை அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அதன் பாவாடையை அடுத்தது பிடிக்கும். இப்படியே ஒரு நீளவால் சந்து சந்தாக வளர்ந்துகொண்டு போகும். வாலில் யாராவது பிடியை விட்டால், முந்தானையின் இழுப்பு மாறும். திரும்பிப் பார்க்காமலே, "பின்னாடி யாரு நின்னுட்டது? ஓடியா!" என்பாள்.

பள்ளிக்கூட வாசலில் யூனிஸ் டீச்சர் தினமும் கேட்பார்: "எத்தனை பேர் தனக்கோடி?"

"வரவேண்டியவங்க வந்துட்டாங்க டீச்சரம்மா."

டீச்சர் தானே எண்ணி ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்.

பெங்களூர் கண்டோன்மெண்டில், ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களின் பின்சுவர்கள் முடிந்து ரயில் பாதை ஆரம்பிப்பதற்குள் கிடைத்த இடத்தில் ஒன்பது லைன் வீடுகள் இருந்தன. மில் வேலைக்காரர்களும், பங்களாக்களில் சமையல், தோட்ட வேலை பார்த்தவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். எல்லாம் வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த தமிழ்க் குடும்பங்கள். லைன்களின் முனையில் இரண்டு அறை உள்ள சர்க்கார் தமிழ்ப் பள்ளிக்கூடம். பெயருக்குப் பெண்கள் பள்ளி. சின்ன வகுப்புகளில் பையன்களும் உட்காருவார்கள்.

சுதந்திரம் வந்த புதிதில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள்தான் அதிகம். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வரவில்லை. வழியில் ஜட்கா ஸ்டாண்டு, அதற்கடுத்து சாராயக் கடை. யூனிஸ் டீச்சர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து குடையும் கையுமாக வந்து வீடு வீடாகப் பேசிப் பார்த்தார். பிறகு இலாகாவுக்கு எழுதி எழுதி, பிள்ளைகளைக் கூட்டிவர ஓர் ஆயா வேலைக்கு அனுமதி வாங்கினார். நாலாவது லைனில் இருந்த, மில் தொழிலாளி அய்யாவுவின் பெண்சாதி தனக்கோடிக்கு அந்த வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. குரல் மட்டும் ஒன்பது லைனுக்கும் கேட்கும்.

அறுபத்தொன்றாம் வருஷம் மைசூர் ராஜ்யத்தில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா சைக்கிளில் வந்தார். தும்கூர் பக்கத்துக்காரர், கண்டோன்மெண்டில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் பழகியவர்; பிள்ளைகளைக் கன்னட வழக்கப்படி மக்கள் என்றே சொல்வார். ஆள் கெட்டவர் இல்லை. சட்டத்தில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது.

"மேடம், அஞ்சு வருஷம். அஞ்சே வருஷத்துல இந்த ராஜ்யத்துல ஸ்கூலுக்குப் போகாத மக்களே இருக்காது. ஆறு வயசு ஆனா அட்மிஷன். அனுப்பலைன்னா அப்பனுக்கு நோட்டீஸு. இந்த ஆயா, கீயா எல்லாம் வேண்டாம். சட்டமே கூட்டிட்டு வரும்."

தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த தனக்கோடி, "சட்டத்துக்கு எங்க வூடுங்கெல்லாம் தெரியுமாங்க?" என்றாள்.

கிருஷ்ணப்பா சிரித்துவிட்டார். "தெரியணும்னுதானம்மா லிஸ்ட் எடுக்கச் சொல்றது."

லிஸ்டில்தான் விஷயம் இருந்தது. ஒன்பது லைன்களிலும் ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேராவது தேறினால், பள்ளிக்கு மூன்றாவது அறையும் இன்னொரு டீச்சரும் வரும். தேறாவிட்டால் பள்ளியை மூடி, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். கேட்டைத் தாண்டி எந்தப் பெண்பிள்ளையும் போகாது என்பது யூனிஸ் டீச்சருக்குத் தெரியும், தனக்கோடிக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம்தான் அந்தத் தண்டவாளத்தில் ஒரு பிள்ளை ரயிலில் அடிபட்டிருந்தது. பள்ளி போனால் தன் வேலையும் போகும் என்பது தனக்கோடிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உதவி ஆசிரியர் நோயல் கணக்கெடுக்கிற ஃபாரங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மூன்று நாளில் பத்தொன்பது பெயரோடு திரும்பினார்.

"பத்தொன்பதுதானா?" என்றார் யூனிஸ் டீச்சர்.

"ஐந்தாவது லைன் லட்சுமம்மாவைக் கேட்டேன். வாசல்ல ஆறு பிள்ளை விளையாடுது. 'எனக்கு ஒண்ணுதான் சார்' என்கிறாள். மீதி யாரென்றால் அக்கா பிள்ளை, நாத்தனார் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளையாம். அத்தனைக்கும் அவள் மூக்கு!"

தனக்கோடி சிரிக்கவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், ஒன்று குறைந்துவிடும் என்பது லைன்களில் பால்காரனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஐந்து பெற்றவள் மூன்று என்பாள். மூன்று பெற்றவள், "ஏதோ இருக்குதுங்க" என்பாள். கையில் காகிதம், பேனாவோடு ஒருத்தர் வாசலில் நின்று எண்ணினால் என்ன ஆகும்?

மறுநாள் குழாயடியில் அவள் பேச்செடுத்துப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் நிக்கணும்னா பேரு குடுங்கடி. கேட்டுக்கு அந்தாண்ட போயிடுச்சின்னா உங்க பொண்ணுங்க அடுப்பாண்டதான் ஒக்காரணும்."

லட்சுமம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "என் வூட்டுதுங்களை எண்ணி நீ இன்னா பண்ணப்போறே? ஏலம் போடப்போறியா?"

"சர்க்காரு கேக்குது."

"சர்க்காருதான் பெத்துதா? சரிடி, மொதல்ல உன் வூட்டுது எத்தினின்னு நீ சொல்லேன், கேப்போம்."

தனக்கோடி நிரம்பாத குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நோயல் வாத்தியார் நாலாவது லைனுக்கு வந்தபோது அவளும் சொல்லவில்லை. மூத்தவன் பச்சைமுத்து மில்லில் சேர்ந்துவிட்டான். அவனைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவது பதினோரு நாள் இருந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. மூன்றாவது காந்தா, மூன்று வயதில் அம்மையில் போனாள். நாலாவது பிறந்ததும், அடுத்தடுத்துப் பறிகொடுத்த வீடுகளில் செய்கிற மாதிரி, முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்கள். லட்சுமம்மா போய் எடுத்து, "குப்பையில கெடந்தது, யாருக்கு வேணும்?" என்று கேட்க, தனக்கோடி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். குப்பம்மா என்று பெயர். வீட்டில் பாப்பா. வேண்டாத பிள்ளை என்று எமன் நம்பவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாப்பாவுக்கு இப்போது ஆறு முடிந்திருந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறவள், தன் பிள்ளையை வீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த மாதம் பள்ளிக்கு அமெரிக்கப் பால்பவுடர் டிரம் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தனக்கோடிக்கு ஒரு யோசனை வந்தது.

"டீச்சரம்மா, பிள்ளையக் கேட்டா சொல்ல மாட்டாங்க. தம்ளரைக் கேளுங்க."

"என்ன தம்ளர்?"

"புதுசா சேரப்போற பிள்ளைக்கும் பாலு உண்டு, தலைக்கு ஒரு தம்ளர் அனுப்புங்கன்னு நான் சொல்றேன். தம்ளரை எண்ணினா யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

நோயல், "தம்ளர் எப்படி ஜனத்தொகை ஆகும்?" என்றார்.

"நீங்க மூணு நாள் சுத்திக் கொண்டாந்த ஜனத்தொகைய விட அது மேலு சார்," என்றாள் தனக்கோடி.

சனிக்கிழமை காலையில் பெரிய பிள்ளைகளின் கையில் தம்ளர்கள் வந்து சேர்ந்தன. அலுமினியம், பித்தளை, காது உடைந்த பீங்கான் கப்பு, பங்களாவில் தூக்கிப்போட்ட பால் டின். லட்சுமம்மா வீட்டிலிருந்து மட்டும் இரண்டு. திண்டாடிப்போனார் நோயல். பெயர் வெட்டிய பாத்திரமாக இருந்தால் அதைப் பார்த்தே எழுதினார். மற்றவற்றுக்குக் கொண்டுவந்த பிள்ளையைக் கேட்டு எழுதினார். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, தனக்கோடி தன் பையிலிருந்து ஒரு பித்தளைத் தம்ளரை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"யாருது?"

"நம்ம வூட்டுதுதான்," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை அவள் பிள்ளையைச் சொல்லவில்லை, தம்ளரை வைத்தாள்.

மொத்தம் நாற்பத்தாறு. யூனிஸ் டீச்சர் அன்று சாயங்காலம் நோயலுக்கும் தனக்கோடிக்கும் பேக்கரியிலிருந்து பன் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கிருஷ்ணப்பா லிஸ்டைச் சரிபார்க்க வந்தார். பால் ஊற்றும் நேரம். முற்றத்தில் பிள்ளைகள் குந்தியிருக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பெயர்களை வாசித்தார். சிலர் எழுந்து நின்றார்கள். வராதவர்களைப் பற்றி யூனிஸ் டீச்சர், "காய்ச்சல்", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்ல, அவர் ரொம்பக் குடையாமல் டிக் போட்டுக்கொண்டே போனார். கடைசிப் பெயருக்கு வந்தார்.

"காந்தா. வயசு ஆறு. அப்பா அய்யாவு. அம்மா..." தலையைத் தூக்கினார். "தனக்கோடி! ஏனம்மா, உன் மகளா? எல்லி? எங்கே அவ?"

தனக்கோடியின் கையிலிருந்த கரண்டி பால் அண்டாவில் அப்படியே நின்றது.

அந்தத் தம்ளர், காந்தாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீராக வந்தது. அவள் பெயரை வெட்டியே மாமன் கொண்டுவந்திருந்தான். அவள் போனபின் அலமாரியில் கிடந்து, பாப்பா நடக்க ஆரம்பித்த பிறகு அவள் கைக்குப் போய்விட்டது. அதில் என்ன வெட்டியிருக்கிறது என்று தனக்கோடிக்குத் தெரியும். ஆனால் இந்த வாத்தியார் அதைப் பார்த்து எழுதுவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எழுத்து படிக்கிறவர்களுக்கு எங்கே எழுத்தைக் கண்டாலும் படிக்கிற புத்தி என்பது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

யூனிஸ் டீச்சர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "வீட்ல ஒண்ணு இருக்கில்ல? பாப்பா? ஓடிப்போய்க் கூட்டிட்டு வா. பேரைப் பிறகு பார்த்துக்கலாம்."

ஐந்து நிமிஷ நடை. பாப்பா வந்து நின்று, "ஆஜர்" என்றால் போதும். தம்ளர் கதை வெளியே வராது. பள்ளி இந்தப் பக்கமே இருக்கும். தனக்கோடிக்கு இது எல்லாம் புரிந்தது. ஆனால் செத்தவள் பெயருக்கு இருக்கிறவள் எழுந்து நிற்கவேண்டும். ஒரு நாளோடு போகிற காரியமும் இல்லை. வருஷம் பூராவும், தினமும் காலையில், டீச்சர் கூப்பிடுவார், பாப்பா நிற்பாள்.

"அந்தப் பேருல பிள்ளை இல்லீங்க," என்றாள்.

"இல்லைன்னா?"

"முன்ன ஒருத்தி இருந்தா. எட்டு வருஷம் ஆச்சு, போயி. அது தம்ளர்ல இருந்த பேருங்க."

"தம்ளரா? எந்தத் தம்ளரு?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. யூனிஸ் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நோயல் சுவரைப் பார்த்தார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கிருஷ்ணப்பா பேனாவை மூடினார். கோபம் இல்லை; ஏமாந்த முகம்.

"அல்ல மேடம், சர்க்கார் என்னை மக்களை எண்ணச் சொல்லி அனுப்பியிருக்கு. நீங்க பாத்திரத்தை எண்ணிக் கொடுத்திருக்கீங்க. நாற்பத்தாறு தம்ளர் இருக்கு, சரி. நாற்பத்தாறு மக்கள் இருக்கா? யாருக்குத் தெரியும்?" லிஸ்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "வர்ற புதன்கிழமை வர்றேன். ஒவ்வொரு பிள்ளையும் தாயோட என் முன்னாடி நிக்கணும். தாயே வாயால பேர் சொல்லணும். நாற்பது ஆச்சா, ஸ்கூல் இங்கே. ஆகலையா, கேட்டுக்கு அந்தப் பக்கம். பேஜார் பண்ணாதீங்க."

அவர் போன பிறகு நோயல் மட்டும், "ஒரு பெயருக்காக..." என்று ஆரம்பித்தார். யூனிஸ் டீச்சர் அவரை முடிக்க விடவில்லை.

விஷயத்தைக் கேட்டு அய்யாவு சாப்பிடுகிற கையை நிறுத்தினான். "சர்க்காரு கண்ணு நம்ம பிள்ளை மேலதான் வந்து படணுமா? வேற வேலை தேடிக்கோ. பங்களாவுல பாத்திரம் தேய்க்க ஆளா வேணாம்?"

"தேய்க்கலாம்," என்றாள் தனக்கோடி. "மத்ததுங்க அடுப்பாண்ட ஒக்காந்துக்கும்." அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். சம்மதம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை குழாயடியில் கூட்டம் இருந்தது. தனக்கோடி குடத்தை வரிசையில் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்:

"பெத்தது நாலு. இருக்குறது ரெண்டு. சின்னதை நாளைக்குக் கூட்டிகினு போறேன்."

லட்சுமம்மா மூன்று தடவை துப்பினாள்.

"தூ, தூ, தூ! வாயக் கழுவுடி! வெளக்கு வைக்கிற வூட்டுல இன்னா பேச்சு இது?"

"சொல்லிட்டேன். இனிமே முழுங்க முடியாது."

"குப்பையிலருந்து எடுத்துக் குடுத்தவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்காம எண்ணிடுவியா நீ?"

"அப்ப நீயும் வா. வந்து அதும் பக்கத்துல நில்லு. வரும்போது உன் அக்கா பிள்ளைங்க, நாத்தனார் பிள்ளைங்க இருக்குதுங்களே, அதுங்களையும் கூட்டிகினு வா."

யாரோ சிரித்தார்கள். லட்சுமம்மா சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவும் இல்லை.

புதன்கிழமை காலையில் முதன்முறையாகத் தனக்கோடியின் முந்தானையைப் பாப்பா பிடித்துக்கொண்டாள். பழக்கமில்லாத பிள்ளை; நடைக்கு நடை இழுத்தாள். வாசல் வாசலாகத் தனக்கோடி வழக்கம்போலக் குரல் கொடுத்துக்கொண்டே போனாள். முதல் லைனில் யாரும் வரவில்லை. இரண்டாவதில் ஒருத்தி வந்தாள், பிள்ளையின் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மை. அப்புறம் மூன்று பேர். ஐந்தாவது லைனில் லட்சுமம்மா ஈரத்தலையோடு நின்றிருந்தாள், இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். "ஊரு பூரா போவுது, நான் மட்டும் வூட்டுல குந்திகினு இன்னா பண்றது?" என்றாள், யாரும் கேட்காமலே. ஒன்பதாவது லைனைத் தாண்டும்போது வால் சந்தை நிறைத்திருந்தது.

குழாயடியில் தனக்கோடி சொன்னதுதான் அவர்களை இழுத்துவந்தது என்று யூனிஸ் டீச்சர் பிற்காலத்தில் சொல்லுவார். முந்தின நாள் இலாகாப் பியூன் ஒன்பது லைனிலும், "வராவிட்டால் அபராதம்" என்று கத்திக்கொண்டு போனதும் உண்டு. பாலும் உண்டு. எதற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

கிருஷ்ணப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தாய்மார் பெயரைச் சொல்லிவிட்டு, உடனே பிள்ளையைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். லட்சுமம்மா இரண்டு பெயர் சொன்னாள்.

"மொத்தம் எத்தனை மக்களம்மா உனக்கு?" என்று அவர் கேட்டார்.

"லிஸ்டுக்கு ரெண்டு போதும்ல?" என்றாள்.

தனக்கோடி கடைசியாக வந்தாள்.

"பேரு?"

"குப்பம்மா."

யூனிஸ் டீச்சர் குனிந்தார். "ரிஜிஸ்டர்ல ஏறுற பேர், தனக்கோடி. நாளைக்குப் பெரியவளாகி நாலு இடம் போகும். நல்ல பேரா ஒண்ணு வச்சிடலாமே? சாந்தி, விமலா, ஏதாவது?"

"குப்பம்மான்னே எழுதுங்க டீச்சரம்மா. இருக்குறவ பேரு அதுதான்."

கிருஷ்ணப்பா எழுதினார். கீழே கோடு போட்டு எண்ணினார். நாற்பத்திரண்டு. தம்ளர் கணக்கில் நாலு குறைந்திருந்தது. அந்த நாலும் பாலுக்காகக் கூடுதலாக அனுப்பிய தம்ளர்களா, பயத்தில் வராத பிள்ளைகளா என்று அவர் விசாரிக்கவில்லை. "ஆயித்து, முடிஞ்சது," என்று எழுந்துகொண்டார்.

பள்ளி அங்கேயே நின்றது. மூன்றாவது அறை வர இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரை முதல் வகுப்பு வேப்பமரத்தடியில் நடந்தது. கிருஷ்ணப்பா சொன்ன மாதிரியே கூட்டிவரும் ஆயா வேலையை எடுத்துவிட்டார்கள். அதே சம்பளத்தில் தனக்கோடியைக் கூட்டிப் பெருக்க, தண்ணீர் வைக்க, மணி அடிக்கப் போட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் சட்டத்தை நம்பி அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஒன்பது பேர் வந்தார்கள். எட்டாம் நாள் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு லைன்களுக்குப் போனாள். அதன் பிறகு இரண்டு வேலையும் அவளுடையதாயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் குப்பம்மாவுக்கு அம்மை கண்டது. லைன்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பெரிய பேச்சாக இருந்தது. அய்யாவு பெண்சாதியோடு பேச்சை நிறுத்தினான். வேப்பிலை செருகிய வாசலுக்கு வெளியே லட்சுமம்மா மட்டும் தினமும் வந்து நின்று, "நான் எடுத்த பிள்ளை, எங்கயும் போவாது," என்று உள்ளே பார்த்துச் சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு நாள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வலது காதோரம் மூன்று தழும்பு நின்றது.

பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போவதற்கு முதல் நாள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற கோவிந்தப்பா சந்துக்குள் வந்தான். தனக்கோடி அந்தப் பித்தளைத் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

"இதுல இருக்குறதை அழிக்க முடியுமா?"

அவன் திருப்பிப் பார்த்தான். "தேய்ச்சா தகடு ஓட்டையாயிடும்மா. கீழே வேணா புதுசா வெட்டலாம். இடம் கம்மி. 'கு'ன்னு ஒரு எழுத்துப் போட்டாப் போதாதா?"

"போதாது. முழுசா வெட்டு."

அவன் தம்ளரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உளியை எடுத்தான். வெட்டி முடிகிறவரை தனக்கோடி பக்கத்திலேயே நின்றாள். பிறகு வாங்கி, விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, புளி போட்டுத் துலக்க எடுத்துக்கொண்டு போனாள்.